நாற்பத்தைந்து கிலோ

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "அவங்களைப் பூ மாதிரி தாங்கினீங்க சார்." என் மனைவி இறந்து பதினாறாம் நாள் முடிவதற்குள் இதைப் பலமுறை கேட்டுவிட்டேன். சொன்னவர்கள் நல்லவர்கள். ஆறுதல் சொல்ல வந்த இடத்தில் உண்மையைச் சரிபார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்று எவரிடமும் எதிர்பார்க்க முடியாது. ஆயினும் ஒவ்வொரு முறையும் எனக்குள் கோபம் மூண்டது. தலையை அசைத்துவிட்டு, காப்பி ஆறிவிடும் என்று நினைவூட்டினேன். அந்தக் கோபத்தின் வேர் எழுபதுகளின் இறுதியில், தில்லி சரோஜினி நகரில் நாங்கள் வாழ்ந்த அரசுக் குடியிருப்பில் இருக்கிறது. வந்தவர்களிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்கு வாய்த்தது இரண்டாம் மாடி வீடு. முப்பத்தாறாம் வயதில் என் மனைவிக்கு மூட்டுவாதம் கண்டது. நான்கே ஆண்டுகளில் இரண்டு முழங்கால்களும் மடங்க மறுத்தன. கைத்தடியோடு வீட்டுக்குள் நடப்பாள். படி இறங்க முடியாது. கீழ்த்தள வீடு கேட்டு விண்ணப்பித்திருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களிலும் நோயாளிகள் இருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போக நான் முயலவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. நான் அலுவலகம் போனபின் அவளுக்குத் துணை வானொலியும் சமையலறை ஜன்னலும்தான்.

எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது. குளிர்காலம் முழுவதும் அதில் ஒரு கீற்று வெயில் விழாது. அந்த நாட்களில் தில்லி வீடுகளின் உட்சுவரைத் தொட்டால் கை பின்வாங்கும். காலை பத்து மணிக்கு வெயில் ஏறியதும் குடியிருப்பின் பெண்கள் அனைவரும் நடுப் புல்வெளிக்கு வந்துவிடுவார்கள். பாய், பிரம்பு முக்காலி, ஸ்வெட்டர் பின்னும் ஊசிகள், உரிக்க வேண்டிய பட்டாணி, வேர்க்கடலைப் பொட்டலம், ஊர் வம்பு எல்லாம் அங்கேதான். மாலை நான்கு மணிவரை எந்தப் பெண்ணும் வீட்டுக்குள் இருக்கமாட்டாள், என் மனைவி ஒருத்தியைத் தவிர. அவளுக்கு ஜன்னல் வழியாக அந்தப் புல்வெளியின் ஒரு மூலை தெரியும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளைவிட வெயில் அந்த மூட்டுகளுக்கு நல்லது என்று அந்த மருத்துவரே சொல்லியிருந்தார்.

ஒரு குளிர்காலத்தில் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து, அண்டை வீட்டு ஆண்கள் நால்வர் தூக்கி இறக்கினார்கள். நான் கை வைக்கப் போனபோது ஒருவர் என்னைத் தடுத்தார். "ரஹ்னே தீஜியே சாப், நீங்க விடுங்க, உங்களால முடியாது." நான் அவளுடைய கைத்தடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினேன். முதல் மாடித் திருப்பத்தில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "அரே, பாபிஜியின் டோலி கிளம்பிடுச்சு!" என்றார். பாபி என்றால் அண்ணி. வடக்கே மணப்பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் பல்லக்குக்கு டோலி என்று பெயர். நால்வரும் சிரித்தார்கள். நாற்காலி ஆடியது. அவளுடைய சேலை கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. குனிந்து அதை இழுத்துவிட அவளால் முடியவில்லை, எனக்கு எட்டவில்லை.

திரும்பி வந்ததும் சொன்னாள்: "இனிம அந்த நாற்காலியில என்னைத் தூக்க விடாதிய. செத்தா வேணும்னா தூக்கட்டும்."

"நானே தூக்கிட்டுப் போறேன்" என்றேன்.

திருநெல்வேலியை விட்டு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும் அவள் பேச்சில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. என் முழங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்களா? இது ஃபைல் தூக்குத கைல்லா!" என்றாள்.

அது கேலிதான். ஆனால் நான் அதை ஒரு தீர்மானமாக எடுத்துக்கொண்டேன். அடுத்த குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எவருடைய கையும் படாமல், அவளை நானே தூக்கி இறக்கிப் புல்வெளியில் உட்காரவைப்பேன். மருத்துவமனைச் சீட்டில் அவளுடைய எடை நாற்பத்தொரு கிலோ என்று எழுதியிருந்தது. எனக்கு அந்த எண் போதுமானதாக இருந்தது.

குடியிருப்பின் சமூகக் கூடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை உண்டு. வாசலில் வியாயாம்ஷாலா, அதாவது உடற்பயிற்சிக்கூடம், என்று இந்தியில் எழுதியிருக்கும். உள்ளே அனுமார் படம், கடுகெண்ணெய் வாசனை, சிமெண்டில் வார்த்த தூக்குகுண்டுகள், இரும்புக் கம்பிகள், ஆள் உயரக் கண்ணாடி. தீபாவளி முடிந்த மறுவாரம் காலை ஆறு மணிக்கு அங்கே போனேன்.

எனக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம். வடமொழியும் ஓரளவு வரும். அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலர். உடம்பை மட்டும், தலையை வைக்க உதவும் ஒரு மேசை என்ற அளவிலேயே நடத்தியிருந்தேன். பிரிவு அலுவலர் அரைக்கால் சட்டையோடு குடியிருப்பில் நடந்துபோக முடியாது என்பதால், அதன்மேல் கம்பளிக் கால்சட்டை, முழுக்கைச் சட்டை, ஸ்வெட்டர் எல்லாம் அணிந்து போயிருந்தேன். அவற்றைக் கழற்ற அங்கே மறைவிடம் இல்லை என்பது போனபின்தான் தெரிந்தது. லங்கோடு கட்டிய இருபது பேர் பார்த்திருக்க, ஒற்றைக் காலில் நின்று கால்சட்டையை உருவும்போது தடுமாறிச் சுவரில் சாய்ந்தேன்.

கண்ணாடியில் தெரிந்தவரை எனக்கு அறிமுகம் இல்லை. தோளிலிருந்து தொங்கிய இரு குச்சிகள். அவற்றுக்கிடையே, வேறு ஒருவருடையதைக் கொண்டுவந்து ஒட்டியதுபோல ஒரு தொந்தி. பின்னால் ஒரு குரல் மெதுவாகக் கேட்டது: "மதராசி சாப்புக்குள்ள எத்தனை இட்லிடா?" இன்னொருவர், "கை ரெண்டும் சாம்பார்ல போட்ட முருங்கைக்காய்" என்றார். அன்று எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. இன்று நினைத்தால், அந்தக் கூடத்தில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட கடைசி உண்மை அதுதான்.

ஏனென்றால் அடுத்த கணமே, "சுப்! வாயை மூடு!" என்று ஓர் அதட்டல் வந்தது. அதட்டியவர் அந்தக் கூடத்தின் உஸ்தாத், பயிற்சி தரும் ஆசான். ஹரியானாக்காரர், முப்பது வயதிருக்கும், கதவை அடைக்கும் மார்பு. எனக்கு அவரைத் தெரியும். என் பிரிவின் தஃப்தரி அவர். காகிதக் கட்டுகளை அடுக்கிவைப்பவர், என் மேசைக்கு ஃபைல் கொண்டுவருபவர், நான் நடைபாதையில் வந்தால் ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்பவர். "நம்ம பெரிய சாப்" என்று எல்லோருக்கும் அறிவித்தார். அந்தக் கணத்திலிருந்து எவரும் சிரிக்கவில்லை.

என்ன பயிற்சி வேண்டும் என்று கேட்டார். பாரத்தைத் தரையிலிருந்து எடுத்து, மார்போடு அணைத்து, சிறிது நேரம் நிற்கப் பழக வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றேன். எதற்காக என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் மனைவியின் முழங்காலைத் தஃப்தரியிடம் பேச எனக்கு மனம் வரவில்லை. இந்த ஓர் இடத்தில் தவறு முழுக்க என்னுடையது.

அங்கிருந்த இரும்புத் தட்டுகள் ஏதோ ஒரு பட்டறையில் வார்த்தவை. எடையைக் குறித்த எண்கள் துருப்பிடித்து மறைந்திருந்தன. எது எவ்வளவு என்பது உஸ்தாதுக்குத்தான் தெரியும். முதல் நாள் வெறும் கம்பியைத் தூக்கவே என் கை நடுங்கியது. "ஷாபாஷ் சாப்!" என்றார். மூன்றாம் வாரம், "பதினைஞ்சு கிலோ சாப்." டிசம்பர் நடுவில், "இருபத்தஞ்சு." ஒவ்வொரு எண்ணுக்கும் கூடமே கை தட்டியது. வயதானவர் ஒருவர் என் தோளைத் தட்டி, "படித்த ரத்தம் வேகமா ஏறும்" என்றார். நான் அதை நம்பினேன். ஆண்டறிக்கைகளில் பிறர் தரும் எண்களை அடிக்கோடிட்டு, ஆதாரம் எங்கே என்று ஓரத்தில் எழுதுவதே என் வேலை. என் சொந்தப் புஜத்தைப் பற்றி ஒருவர் வாயால் சொன்ன எண்களுக்கு ஆதாரம் கேட்கத் தோன்றவில்லை.

காலை ஏழரைக்கு வீடு திரும்பியதும் அவள் கேட்பாள்: "பயில்வான் வந்தாச்சா? இன்னைக்கு என்னத்தத் தூக்கினிய?" நான் எண்ணைச் சொல்வேன். அவள் அதைத் தன் எடையிலிருந்து கழித்து, "இன்னும் பதினாறு. கழுத்து வரைக்கும் வந்திட்டேன்" என்பாள். அந்த இரண்டு மாதங்களில் அவள் ஒரு பச்சை ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினாள், வெயிலில் உட்கார்ந்து முடிப்பதற்காக. மடங்கிய விரல்களால் நாளைக்கு இரண்டு வரிசை.

பொங்கலுக்கு முந்தைய வாரம், "நாற்பத்தைந்து, சாப்!" என்றார் உஸ்தாத். மார்போடு அணைத்து, அவர்கள் இருபதுவரை எண்ண, நின்றேன்.

அந்த ஞாயிறு பதினொரு மணிக்கு அவள் சலவை செய்த சேலையும் சால்வையும் அணிந்து கட்டிலில் தயாராக இருந்தாள். பின்னல் பையைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். நான் குனிந்து இரு கைகளையும் கொடுத்துத் தூக்கினேன். தூக்கிய உடனே ஏதோ தவறு என்று உடம்பு சொல்லிவிட்டது. நம்பிக்கை மட்டும் கேட்கவில்லை. வாசலைத் தாண்டி எட்டுப் படிகள் இறங்கினேன். ஒன்பதாவது படியில் கைகள் என் கட்டுப்பாட்டில் இல்லை. திருப்பத்து மேடையில் அவளை இறக்கினேன் என்று எழுத விரும்புகிறேன். உண்மையில் அவள் என் கைகளிலிருந்து நழுவினாள். இடுப்பு சுவரில் உரசி, குளிர்ந்த சிமெண்டில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வலிக்கா?"

"இல்ல." பின்னல் பையை நேராக்கிக்கொண்டு, "உங்களுக்கு மூச்சு வாங்குதே" என்றாள்.

கதவுகள் திறந்தன. "அரே அரே சாப், எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே!" அவள் வாழ்வில் இனி ஏறமாட்டேன் என்று சொன்ன நாற்காலி வந்தது. அதில்தான் மேலே போனாள். கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

அதன்பின் நடந்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு வாரங்களாக அவள் உணவை ஒதுக்குவதை நான் கவனிக்கவில்லை. இரவில் நான்தான் சமைப்பேன். மூன்று தோசை உண்பவள் ஒன்றோடு தட்டை நகர்த்தினாள். மந்தம் என்றாள், பசியில்லை என்றாள். ஒரு நாள் நான் விடாமல் கேட்டபோது, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க நாப்பத்தஞ்சு தூக்குதேன்னு சொன்னிய. என்னைத் தூக்க முடியல. அப்ப நான் எவ்வளவு இருப்பேன்? கணக்கு எனக்கும் வரும்லா."

"ஆஸ்பத்திரிச் சீட்டுல நாப்பத்தொண்ணுன்னு இருக்கு."

"அது பழைய சீட்டு. பொறவு உக்காந்த எடத்துலயே தின்னுக்கிட்டு இருந்தா பெருக்காதா? உங்களையும் சொல்லிக் குத்தமில்ல. நீங்க பாவம், காலங்காத்தால எந்திரிச்சு அந்தக் குளிர்ல போறிய."

தராசு இருக்கும் இடத்துக்குப் போக அவள் மறுபடி அந்த நாற்காலியில் இறங்க வேண்டும். ஆகவே அவளை நிறுக்க வழியில்லை. மறுநாள் மாலை, எவரும் இல்லாத நேரத்தில் கூடத்துக்குப் போனேன். அங்கே கதவு இருந்தது, பூட்டு இல்லை. பத்து கிலோ என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்த தட்டு ஒன்றைக் கறிகாய்ப் பையில் போட்டு, மார்க்கெட்டுக்கு அருகே இருந்த கரிக்கடைக்குக் கொண்டுபோனேன். கரி மூட்டைகள் நிறுக்கும் மேடைத் தராசு அங்கே இருந்தது. கடைக்காரர் பையைப் பார்த்து, "இரும்பு விக்கணுமா சாப்? பழைய இரும்புக்காரன் அந்தப் பக்கம்" என்றார். நிறுத்தால் போதும் என்றேன்.

ஐந்தே கால் கிலோ.

அத்தகைய நான்கு தட்டுகள், ஐந்து கிலோக் கம்பி. நான் மார்போடு அணைத்து இருபது எண்ணும்வரை நின்றது இருபத்தாறு கிலோவை. அது ஒரு சமையல் எரிவாயு சிலிண்டரின் எடைகூட இல்லை. நான் அதுவரை சிலிண்டரைத் தூக்கிப் பார்த்ததும் இல்லை. கொண்டுவருபவரே சமையலறைவரை வந்து வைத்துவிட்டுப் போவார், சாப் வீடு என்பதால்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, தட்டை உஸ்தாதின் முன்னால் வைத்து அதன் எடையைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். மறுக்கவில்லை.

"அஞ்சு, சாப்."

"பத்து என்று ஏன் சொன்னாய்?"

"முதல் நாள் உங்க கை நடுங்கிச்சு சாப். எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தாங்க. உங்க இஸ்ஸத், உங்க மானம் போகக்கூடாதுன்னு..."

"இவர்களுக்குத் தெரியுமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் அனைவருக்கும் முதல் வாரத்திலிருந்தே தெரிந்திருந்தது. ஒவ்வொரு காலையும் இருபது பேர் சேர்ந்து ஐந்தைப் பத்தாக எண்ணி எனக்குக் கை தட்டியிருக்கிறார்கள். முருங்கைக்காய் என்று சொன்னவரும் அவர்களில் ஒருவர்.

"உனக்கு நான் என்ன தீங்கு செய்தேன்?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்ததாக நினைவு. அலுவலகத்தில் நான் குரல் உயர்த்தியதே இல்லை.

அவர் உண்மையிலேயே புரியாமல் விழித்தார். "தீங்கா? சாப், நீங்க சந்தோஷமா வீட்டுக்குப் போனீங்க. ஆபீஸ்லயும் எல்லாரும் உங்ககிட்ட இப்படித்தானே?"

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். பத்தொன்பது ஆண்டுகளாக என் குறிப்புகளைப் பிரமாதம் என்றவர்கள், என் ஆங்கிலத்தை மெச்சியவர்கள், என் யோசனை வெளிவரும் முன்பே தலையாட்டியவர்கள் எல்லோரும் என் கண்முன் வந்து வரிசையாக நின்றார்கள். அவர்களில் எவர் சொன்னதையும் நான் ஒரு தராசுக்குக் கொண்டுபோனதில்லை. அதற்காக இன்று என்னை மட்டும் நொந்துகொண்டு அவர்களை விட்டுவிடவும் என்னால் முடியவில்லை. ஒரு பெண் பதினைந்து நாள் அரைவயிறு உண்டிருக்கிறாள். முகத்துதிக்கு அந்த அளவு விலை உண்டு என்று அவர்களுக்குத் தெரியாது என்பது மன்னிப்பாகுமா? நான் இதுவரை அப்படி முடிவு செய்யவில்லை.

நான் பாரம் தூக்கப் பழகியது எதற்காக என்று அப்போதுதான் சொன்னேன். மூன்று வாக்கியங்களுக்கு மேல் சொல்லவில்லை. அந்த மனிதர் காதைப் பிடித்துக்கொண்டார். வடக்கே அது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழக்கம். "சாப், முதல் நாளே சொல்லியிருந்தா..." என்றார்.

இரவு, அவளிடம் தராசின் கதையைச் சொன்னேன். கரிக்கடையில் நின்றதைவிட அது கடினமாக இருந்தது. இரண்டு மாதம் பெருமையாகச் சொன்ன ஒவ்வொரு எண்ணையும் பாதியாக்கிச் சொல்ல வேண்டும்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்போ நான் பெருக்கலியா?" என்றாள்.

"இல்லை."

"சத்தியமா?"

"நான்தான் இருபத்தாறு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரவில்லை என்பதைப் பார்த்து மேலும் சிரித்தாள். பிறகு தட்டை இழுத்துக்கொண்டு, "அடுப்ப அணைச்சிராதிய" என்றாள். மூன்று தோசை உண்டாள். கை கழுவியபின் தன் முடிவைச் சொன்னாள்.

"ஜனவரி முடியப்போகுது. நீங்க நாப்பத்தொண்ணுக்கு வாரதுக்குள்ள வெயில் சுட்டுரும். நாற்காலியிலயே போறேன். ஆனா நாலு பேர் வேண்டாம். அந்தப் பொய் சொன்ன மனுசன வரச் சொல்லுங்க. ஒரு பக்கம் அவரு, ஒரு பக்கம் நீங்க. சேலைய நான் காலுக்கடியில சுருட்டி வச்சுக்கிடுதேன்."

"அவனையா?"

"அவருதான். செஞ்சது தப்புன்னு தெரிஞ்ச ஆளு மெதுவா தூக்குவாரு."

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். தலையில் எண்ணெய் வைத்துச் சீவி, அலுவலகச் சீருடையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "நமஸ்தே மாதாஜி" என்றார். தன்னைவிடப் பத்து வயதே மூத்தவளை அம்மா என்றார். அவள் தடுக்கவில்லை. நாற்காலியின் கீழ்ப்பக்கத்தை அவர் பிடித்து, பின்பக்கமாக இறங்கினார். மேல்பக்கம் நான். படியில் நாற்காலியை இறக்கும்போது பாரம் யார் பக்கம் சாயும் என்பதை அறிய முதுகலைப் பட்டம் தேவையில்லை. அவர் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. என் பங்குக்கு வந்தது பத்துப் பதினைந்து கிலோ இருந்தால் அதிகம். அதற்கே என் வாய் திறந்து மூச்சு இரைத்தது.

முதல் மாடியில் வழக்கம்போல் கதவுகள் திறந்தன, தலைகள் எட்டிப்பார்த்தன. அவர் நிற்கவில்லை. கூடத்தில் கேட்ட அதே உரத்த குரலில் எல்லோருக்கும் கேட்க அறிவித்தார்:

"வழி விடுங்க, வழி விடுங்க! சாப் தூக்கிட்டு வர்றார்! நான் சும்மா கை வச்சிருக்கேன் மாதாஜி, பாரமெல்லாம் சாப் கையில!"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தப் பொய்யை அதே படிக்கட்டில், அத்தனை பேர் முன்னால் மறுத்திருக்க வேண்டும். மறுக்க மூச்சு இல்லை. அவள் தலையைத் திருப்பாமல், எனக்கு மட்டும் புரியும் மொழியில் சொன்னாள்:

"இந்த ஆளு திருந்தமாட்டாரு போலுக்கு. நீங்க படியப் பாத்து வாங்க."